எழுத்துக்கு ஏற்கெனவே கால் இருக்கிறது

திரையில் ஒரு மாமரம், அதில் ஏழு மாங்காய்கள். மரம் லேசாக அசைகிறது, கிளைகள் அசைகின்றன, காய்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஊசலாடுகின்றன. "எத்தனை மாங்காய்?" என்று ஓர் அணில் கேட்கிறது, கேட்டுவிட்டு அதுவும் வாலை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. நான்காவது காய் ஆடி, மூன்றாவதன் மேல் வந்து விலகியது. விரல் நின்றுவிட்டது. எண்ணிய காய் எது, எண்ணாத காய் எது? மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் முறையும் தடுமாறியதும் மரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கீழே இருந்த விடைப் பொத்தான்களை ஐந்து, ஆறு, ஏழு என்று வரிசையாக அமுக்கினாள். ஏழில் வாணவேடிக்கை வெடித்தது. சுற்றியிருந்த பெரியவர்கள் கைதட்டினார்கள்.

அந்த மாங்காய்களை ஆடவிட்டவன் நான். குழந்தைகளுக்கான கல்வி விளையாட்டுகளுக்குப் படம் வரைவதும் அந்தப் படங்களுக்கு அசைவு கொடுப்பதும் என் தொழில். அந்த வேலைக்கு எனக்குத் தரப்பட்ட குறிப்பில் ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது: திரையில் எதுவும் சும்மா நிற்கக் கூடாது.

இது ஒரு தனி ஆளின் விருப்பம் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இந்தத் துறையில் கிட்டத்தட்ட எல்லோரும் நம்புவது இதைத்தான். பாடம் கசப்பானது, குழந்தை அதை விரும்பி ஏற்காது, எனவே படத்தாலும் அசைவாலும் அதற்குச் சர்க்கரை பூச வேண்டும், பூச்சு எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது. கேள்விகளை ஆசிரியர் எழுதுவார், நிரலர் விளையாட்டைக் கட்டுவார், எல்லாம் முடிந்த பிறகு ஓவியரைக் கூப்பிட்டு "கொஞ்சம் உயிர் கொடுங்கள்" என்பார்கள். பெற்றோரும் அப்படியே நினைக்கிறார்கள். பளபளவென்று துள்ளும் செயலி நல்ல செயலி, அடக்கமாக இருப்பது பழைய செயலி. இந்த நம்பிக்கை தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். படம் பாடத்தின் மேல் பூசும் பொருள் இல்லை. கல்வி விளையாட்டில் படம்தான் பாடம், அசைவுதான் விளக்கம். அதைப் பூச்சாக நினைக்கும்போது நாம் கற்பிக்காமல் விடுவதோடு நிற்பதில்லை, தவறாகவும் கற்பித்துவிடுகிறோம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்கிறேன். குழந்தையின் கண் அசைவை நோக்கிப் போகும், இது உண்மை. சலிப்பூட்டும் செயலியை இரண்டே நிமிடத்தில் மூடிவிடும், இதுவும் உண்மை. மூடிய செயலி யாருக்கும் எதையும் கற்பிக்காது. ஆகவே முதலில் கண்ணைப் பிடி, மற்றதெல்லாம் பிறகு. இந்த வாதத்துக்குச் சாட்சியாக அவர்கள் எப்போதும் கூப்பிடுவது அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியை. வண்ணமும் பொம்மையும் பாட்டும் வேகமும் சேர்ந்து கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்கவில்லையா என்பார்கள்.

அந்தச் சாட்சியையே விசாரிப்போம். 1969 நவம்பரில் அந்த நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே எட்வர்ட் பாமர் என்ற ஆய்வாளர் அதற்கான சோதனைகளைத் தொடங்கிவிட்டார். குழந்தையை ஒரு தொலைக்காட்சியின் முன் உட்காரவைத்து, பக்கத்தில் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும் வண்ணப் படங்களைத் திரையிட்டார். நிகழ்ச்சியின் எந்த நொடியில் குழந்தை முகத்தைத் திருப்பி அந்தப் படங்களைப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். கண்ணைப் பிடிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிகழ்ச்சியை ஆராய்ந்தவர்கள் நிறுத்தவில்லை. பின்னாளில் திரைக்குள் எந்த இடத்தில் கண் நிலைக்கிறது என்பதையும் பதிவுசெய்து பார்த்தார்கள். பொம்மை துள்ளிக்கொண்டிருந்த இடத்தில் கண் பொம்மையோடு போனது, சொல்லிக்கொடுக்க நினைத்த எழுத்து பார்க்கப்படாமல் கிடந்தது. குழந்தை திரையை விட்டு அகலவே இல்லை, ஆனாலும் பாடத்தைப் பார்க்கவில்லை. இன்றைக்கு நம் நிறுவனங்கள் 'இத்தனை நிமிடம் விளையாடினார்கள்' என்று காட்டும் கணக்கில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

எதிர்த்தரப்பு நம்புவதற்கு எதிராக வேறு சான்றுகளும் இருக்கின்றன. 2014இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷரும் அவருடைய சகாக்களும் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆறு அறிவியல் பாடங்கள் நடத்தினார்கள். மூன்று பாடங்கள் சுவர் முழுக்கப் படம் ஒட்டிய அறையில், மூன்று வெற்றுச் சுவர் அறையில். படம் ஒட்டிய அறையில் குழந்தைகளின் கவனம் அதிக நேரம் சிதறியது. பிறகு கேட்ட கேள்விகளுக்கு வெற்று அறைப் பாடங்களில் 55 விழுக்காடு சரியான விடை வந்தது, அலங்கார அறைப் பாடங்களில் 42. அது வகுப்பறைச் சுவர், கைபேசித் திரை இல்லை என்று சொல்லலாம். சுவரில் ஒட்டிய படமாவது அசையாது. திரையில் உள்ளது அசைகிறது. சான்று என் பக்கம் இன்னும் கூடுதலாகவே சாயும்.

ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மின்னல் எப்படி உருவாகிறது என்ற விளக்கத்தைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலருக்கு விளக்கம் மட்டும். சிலருக்கு இடையிடையே மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய சுவையான செய்திகளும் படங்களும். சுவையைக் கூட்டிப் படித்தவர்களுக்கு மின்னல் உருவாகும் விதம் குறைவாகவே நினைவில் நின்றது. வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி. இன்னொன்று, 2002இல் பார்பரா ட்வெர்ஸ்கியும் இரண்டு சகாக்களும் அசையும் படங்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. அசையும் படம் நிலைப்படத்தைவிட நன்றாகக் கற்பித்தது என்று சொன்ன ஆய்வுகள் பலவற்றில், அசையும் படத்துக்குள் நிலைப்படத்தில் இல்லாத தகவல் கூடுதலாக இருந்தது. வென்றது தகவல், பெயர் அசைவுக்குப் போனது.

இதைக் கேட்டதும் சிலர் மறுமுனைக்கு ஓடுகிறார்கள். அப்படியானால் படமே வேண்டாம், வெள்ளைத் திரையும் கறுப்பு எழுத்தும் போதும் என்கிறார்கள். 1971இல் மினசோட்டாவில் மூன்று இளைஞர்கள் எழுதிய 'ஓரிகன் ட்ரெயில்' விளையாட்டு முதலில் படமே இல்லாமல் தட்டச்சுத் தாளில்தான் ஓடியது, பிள்ளைகள் விரும்பி விளையாடினார்கள் என்று எடுத்துக்காட்டும் சொல்வார்கள். அந்த விளையாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் வாசிக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பிறந்தது அது. வாசிக்கவே கற்றுக்கொண்டிருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் படத்தைவிட்டால் வேறு வழி ஏது? படத்தைக் குறைக்கச் சொல்லவில்லை நான். படத்துக்கு வேலை கொடுக்கச் சொல்கிறேன்.

நம் வீட்டிலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் தாயக்கட்டையை உருட்டி விடிய விடிய ஆடியவர்களுக்குத் தெரியும், அந்தப் படத்தில் பாம்பு அலங்காரத்துக்காக வரையப்படவில்லை. பாம்பின் வாய் எந்தக் கட்டத்தில், வால் எந்தக் கட்டத்தில் என்பதுதான் விதி. பாம்பின் நீளமே தண்டனையின் அளவு. வைகுண்டத்துக்கு ஒரு கட்டம் கீழே வாயைத் திறந்திருக்கும் பெரிய பாம்பைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு கலக்கம் வரும். அந்தக் கலக்கத்தை உண்டாக்கியது சொல் இல்லை, கோடு. படத்தை அழித்துவிட்டால் அங்கே விளையாட்டே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேரனும் சமமாக உட்கார்ந்து ஆடியது அதனால்தான். அந்தத் தாளை வரைந்தவரைக் கடைசியில் கூப்பிட்டு "உயிர் கொடுங்கள்" என்று யாரும் கேட்டிருக்க முடியாது.

கணினியிலும் இப்படிச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1982இல் ஆப்பிள் கணினிக்கு வந்த 'ராக்கிஸ் பூட்ஸ்' விளையாட்டு இன்றைய கண்ணுக்கு மிக எளிய படம். ஆனால் கம்பிக்குள் மின்குறி ஓடும்போது அது ஆரஞ்சு நிறமாக நகர்ந்து போவது தெரியும். எந்தக் கதவு அதைத் தடுக்கிறது, எது விடுகிறது என்று குழந்தை கண்ணாலேயே தர்க்கத்தைப் படித்துவிடும். அந்த நகர்வே பாடம்.

நார்வேயில் 2012இல் வெளியான 'டிராகன்பாக்ஸ்' இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கிறது. ஐந்து வயதில் இயற்கணிதமா என்று சிரிக்காதீர்கள். திரை இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். இரண்டு பக்கமும் விசித்திர ஜந்துக்கள் வரைந்த அட்டைகள். ஒவ்வொரு ஜந்துக்கும் ஓர் இருட்டு வடிவம் உண்டு. வெளிச்ச அட்டையை இருட்டு அட்டையின் மேல் வைத்தால் இரண்டும் சேர்ந்து பச்சைச் சுழலாகிவிடும். சுழலைத் தொட்டால் மறைந்துவிடும். அந்தச் சுழல்தான் பூஜ்யம். ஒரு பக்கம் ஓர் அட்டையைப் போட்டால் மறுபக்கமும் அதையே போடும்வரை விளையாட்டு நகராமல் காத்திருக்கும். கட்டம் கட்டமாக ஜந்துக்கள் உதிர்ந்து அந்த இடத்தில் எழுத்துகளும் எண்களும் வந்து உட்காரும். சுழல் மறையும் அந்தச் சின்ன அசைவை நீக்கிவிட்டால் கணக்கே புரியாது. அங்கே அசைவு சமன்பாட்டின் ஒரு வரி.

இப்போது நம் எழுத்துக்கு வருகிறேன். என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஆங்கில எழுத்து விளையாட்டுகளைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்ட பழக்கம், எழுத்துக்குக் கண், கை, கால் ஒட்டி ஆடவிடுவது. ஆங்கிலத்திலேயே அது சங்கடம்தான். 'பி'க்கு ஒரு சாய்ந்த கால் வைத்தால் 'ஆர்' ஆகிவிடும். தமிழில் அது சங்கடத்தோடு நிற்பதில்லை, எழுத்தையே மாற்றிவிடுகிறது. நம் எழுத்துக்கு ஏற்கெனவே கால் இருக்கிறது. கொம்பு இருக்கிறது, சுழி இருக்கிறது, விலங்கு இருக்கிறது, புள்ளி இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை ஆசிரியர்கள் சொல்லிவரும் பெயர்கள் இவை. 'க'வுக்குக் கால் போட்டால் 'கா'. கொம்பு போட்டால் 'கெ'. மேலே புள்ளி வைத்தால் 'க்'. 'எ'யின் அடியில் ஒரு கால் இழுத்தால் 'ஏ'. இந்தக் குறிலையும் நெடிலையும் வடிவத்தில் பிரித்துக் காட்டியது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு சின்னக் கோட்டுக்காக இவ்வளவு யோசித்த மொழி இது.

நாங்கள் 'எ'வுக்கு இரண்டு கால் வரைந்து சிவப்பு ஷூ மாட்டினோம். சோதித்துப் பார்த்த இடத்தில் ஒரு பையன் அதைப் பார்த்து "ஏ" என்றான். தவறு என்று சொல்லித் திரை அதிர்ந்தது. அவன் மறுபடி உற்றுப் பார்த்தான், மறுபடி "ஏ" என்றான். மறுபடி தவறு. அவன் சொன்னதுதான் சரி. காலைக் கவனிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்ததை அவன் மறக்கவில்லை. விடை தெரிந்த குழந்தையைப் பார்த்து உனக்குத் தெரியாது என்று சொன்னது என் படம்.

அதே விளையாட்டில் சரியான விடைக்கு 'க'வின் தலைக்கு மேல் ஒரு வெள்ளை நட்சத்திரம் மின்னி மறையும். அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த அரை நொடிக்கு அது 'க்'. அசைவூட்டத்தில் பொருளை அமுக்கி இழுத்து விடுவது ஒரு பாலபாடம். டிஸ்னி ஓவியர்கள் ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்தில் பன்னிரண்டு விதிகளில் முதலாவதாக வைத்தது அது. பந்துக்கு அது உயிர் கொடுக்கும். மூணு சுழி 'ண'வை அமுக்கினால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி ரெண்டு சுழி 'ன' போலத் தெரியும். எந்தச் சுழியை எண்ணிப் பார்க்கச் சொல்கிறோமோ அதையே ரப்பராக இழுக்கிறோம்.

மரியா மாண்டிசோரி செய்த இளஞ்சிவப்புக் கோபுரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பத்து கனசதுரக் கட்டைகள். சின்னது ஒரு சென்டிமீட்டர், பெரியது பத்து. பத்தும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வண்ணம் அடிக்க அவருக்குத் தெரியாதா? அளவு மட்டும் மாற வேண்டும், குழந்தையின் கை அந்த ஒன்றை மட்டும் உணர வேண்டும் என்பதற்காக மற்றதையெல்லாம் அமைதியாக்கினார். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த ஊரிலேயே உட்கார்ந்து நாம் குழந்தைகளுக்கு 'பெரியது சிறியது' விளையாட்டு செய்கிறோம். பெரிய பந்து சிவப்பு, சின்னப் பந்து நீலம், இரண்டும் குதிக்கின்றன. சிவப்பைத் தொட்டால் சரி. குழந்தை கற்றுக்கொண்டது பெரியதையா, சிவப்பையா?

படத்தை விலைக்கு வாங்கி ஒட்டும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பூச்சுத்தானே, எந்தப் பூச்சாக இருந்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து வருவது அது. 'யா, யானை' என்று வரும் இடத்தில் முறம் போல அகன்ற காதுள்ள ஆப்பிரிக்க யானை. 'ப, பனை' என்று வரும் இடத்தில் கடற்கரையில் சாய்ந்து நிற்கும் தென்னை. பனையோலை விசிறி போல விரியும், தென்னங்கீற்று சீப்பு போல நீளும். நம் ஊர்க் குழந்தை பள்ளிக்கு வரும் வழியில் இரண்டையும் பார்க்கிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதைச் சரியாக வரைய எனக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளைத் தர மறுப்பவர்கள்தான் வாணவேடிக்கைக்கு மூன்று நாள் கேட்காமலே தருகிறார்கள்.

வாணவேடிக்கையின் மறுபக்கம் இன்னும் மோசம். தவறான விடைக்கு ஒரு குரங்கு கிளையிலிருந்து நழுவிச் சேற்றில் தொப்பென்று விழும்படி ஒருமுறை செய்தேன். என் வேலைகளில் நல்ல அசைவு அதுதான். நழுவும்முன் அது ஒரு கணம் நம்மைப் பார்க்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு வேண்டுமென்றே தவறான விடையை அமுக்கத் தொடங்கினார்கள். விடை தெரிந்த பிள்ளைகளும் அமுக்கினார்கள். சரியான விடைக்கு ஒரு மணியோசை மட்டும்தான். விளையாட்டு எதைச் செய்யச் சொல்கிறது என்பதைப் பிள்ளைகள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அங்கே எழுதியிருந்த கேள்வி ஒன்று, என் அசைவு கேட்ட கேள்வி வேறு. அவர்கள் அசைவுக்குப் பதில் சொன்னார்கள்.

சந்தையைப் பற்றிச் சொல்பவர்களுக்கு ஒன்று. செயலியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர், அவர்கள் பத்து நொடி பார்ப்பார்கள், அந்தப் பத்து நொடியில் எல்லாம் துள்ள வேண்டும் என்கிறீர்கள். சரி, முகப்புத் திரையில் துள்ளட்டும். மரம் ஆடட்டும், அணில் பாடட்டும். மனமார வரைந்து தருகிறேன். எண்ணத் தொடங்கும் கணத்தில் மாங்காய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். அதற்குச் செலவு அதிகம் இல்லை. அசைவு குறைந்தால் கோப்பு சிறுத்து, வீட்டில் இருக்கும் பழைய கைபேசியிலும் ஓடும். தேவைப்படுவது வேறொன்று. ஓவியர் கடைசி நாளில் வராமல் முதல் நாளிலேயே ஆசிரியரோடு உட்கார வேண்டும். 'இந்தக் குழந்தை எதைக் கவனிக்க வேண்டும்?' என்று அவர் கேட்க வேண்டும், ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்கு ஓர் அசைவு. மற்றவை நிற்கட்டும்.

மாமரத்தை மாற்றினோம். காற்று நின்றது. தொட்ட காய் காம்பிலிருந்து விடுபட்டுக் கூடையில் விழும்; விழும் நேரத்தில் ஒலி, அடுத்ததைத் தொடும்வரை அமைதி. எண்ணிய காய் கூடையில், எண்ணாத காய் மரத்தில். குழந்தையின் தலைக்குள் நடக்க வேண்டிய பிரிவினை கண்முன்னால் நடந்தது.

பிறகு எழுத்துகளை எடுத்துக்கொண்டோம். ஆசிரியை ஒருவர் முதல் நாளிலேயே சொன்னார்: 'கா', 'கி' எல்லாம் பிள்ளைகளுக்குச் சுலபம் சார், 'கெ'யில்தான் மாட்டிக்கிறாங்க. ஒலிக்கும்போது 'க்' முதலில், 'எ' பிறகு. எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்கின்றன. அச்சுப் புத்தகத்தால் இதைக் காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். இதற்குத்தான் அசைவு வேண்டும். உயிரும் மெய்யும் சேரும் 216 எழுத்துகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் கொம்பும் முன்னால் நிற்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றைப் புரியவைத்தால் அத்தனையும் திறந்துகொள்ளும்.

கண் இல்லை, கை இல்லை, ஷூ இல்லை. வெறும் 'க்'. வலப்பக்கத்திலிருந்து 'எ' வருகிறது, பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டும் ஒலிக்கின்றன. ஒரு நொடி எதுவும் அசையாது. அந்த ஒரு நொடிக்காக நான் நிறையச் சண்டை போட்டேன். பிறகு புள்ளி மேலெழுந்து மறைகிறது. 'எ' கொம்பாக உருமாறி, 'க'வின் தலைக்கு மேலே வளைந்து போய் இடப்பக்கம் இறங்கி நிற்கிறது. 'கெ' என்று ஒலிக்கிறது. திரையில் வேறு எந்த அசைவும் இல்லை. குழந்தை விரும்பினால் கொம்பை விரலால் பிடித்து வந்த வழியே திருப்பி இழுக்கலாம். அது மறுபடி 'எ' ஆகும், புள்ளி திரும்ப வரும்.

மாங்காய் எண்ணிய அதே சிறுமியிடம் அதைக் கொடுத்தோம். அவள் சிரிக்கவில்லை, கைதட்டவில்லை. கொம்பைப் பின்னால் இழுத்தாள், முன்னால் விட்டாள். பின்னால், முன்னால். ஏழெட்டு முறை. பக்கத்தில் இருந்த ஒருவர் பாப்பாவுக்குச் சலித்துவிட்டது போல என்று என் காதில் சொன்னார். அவள் நிமிர்ந்து ஆசிரியையைப் பார்த்தாள்.

"டீச்சர், இது முன்னாடி வந்து நின்னுக்குது. ஆனா பின்னாடிதான் பேசுது."